மெட்டு (ஃபிரெட்) இல்லாத பழைய பாணி பாஞ்சோ: 600 டாலருக்குள் எது வாங்கலாம்?

குடுக்கைக்காரன்:
பால்டிமோரில் இருக்கிறேன். சின்ன வயதில் ஏழு வருஷம் கர்நாடக வயலின். அமெரிக்கப் பாடகி ரியானன் கிடன்ஸ் வாசிப்பைக் கேட்டதிலிருந்து பாஞ்சோ பைத்தியம். அமெரிக்க நாட்டுப்புற புளூகிராஸ் இசையின் கணகணவென்ற பாஞ்சோ இல்லை. 1840, 50களின் மின்ஸ்ட்ரல் பாணி, மெட்டு கிடையாது, நரம்புத் தந்தி, அடிக்குரல். கையால் செய்ததுதான் வேண்டும். மூன்று வழி தெரிகிறது. சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோலை ஆணியடித்தது, 450. மர வளையத்தில் தோலைக் கொக்கி வைத்து இழுத்துக் கட்டியது, பழசு, 580. இல்லையென்றால் 250க்குக் கம்பெனி பாஞ்சோ வாங்கி மெட்டைப் பிடுங்கிவிடு என்கிறான் நண்பன். எது சரி?

ரிச்மண்ட் அக்கா:
மூன்றாவதை மறந்துடுங்க தம்பி. மெட்டைப் பிடுங்கினாலும் பிளாஸ்டிக் தோலும் உலோக வளையமும் அப்படியேதானே இருக்கும்? அந்தக் கணகணப்பு போகாது. அதைவிட ஒன்று: பழைய பாணியில் ஸ்டீல் கம்பி மட்டும் போட்டுடாதீங்க. தண்டிக்குள்ளே (கழுத்துப் பகுதி) இரும்புக் கம்பி இல்லை. நான் ஆசைப்பட்டுப் போட்டேன், ரெண்டே மாசத்தில் தண்டி வில்லாக வளைஞ்சுது. நரம்பு மாதிரியான செயற்கைத் தந்தி, நைல்கட், அது போதும். சுருதியும் இறக்கித்தான் வைக்கணும். 1855இல் வந்த பிரிக்ஸ் பாஞ்சோ பயிற்சி நூலில் டி, ஜி, டி, எஃப் ஷார்ப், ஏ. இன்றைய பாஞ்சோ சி சுருதியைவிட ஸ-ம இடைவெளி அளவு கீழே.

மணல்வீடு:
மின்ஸ்ட்ரல் என்ற பேரே உறுத்தவில்லையா? 1843இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் மேடையேறியது, வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்யத்தான்.

ரிச்மண்ட் அக்கா:
உறுத்தணும். ஆனா வாத்தியம் அவங்களுடையது இல்லையே. அடிமையாக இழுத்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைவேலை. குடுக்கை, தோல், கட்டை விரலுக்கு ஒரு குட்டைத் தந்தி. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகாம்பியாவில் ஜோலா மக்களிடம் இருக்கும் அகோன்டிங் வாத்தியத்திலும் இதே அமைப்புதான். நான் ‘ஆரம்பகால பாஞ்சோ’ என்றுதான் சொல்வேன். விற்கிறவர்கள் மின்ஸ்ட்ரல் என்று போடுவதால் தேடும்போது மட்டும் அந்தப் பேர்.

குடுக்கைக்காரன்:
அப்போ குடுக்கையே வாங்கிடலாமா அக்கா? மனசு அங்கேதான் போகுது.

ரிச்மண்ட் அக்கா:
குரல் அருமையா இருக்கும். ஆனா பால்டிமோர் ஜூலைப் புழுக்கத்தில் ஆணியடித்த தோல் தொய்ஞ்சு தொப்பு தொப்புன்னு ஆகும். ஊரில் பறையைத் தீயில் காய்ச்சுறாங்களே, அதே கதை. உங்களுக்கு ஹேர் டிரையர். முதல் வாத்தியத்துக்கு இந்த ரோதனை வேண்டாம். கொக்கி என்றால் திருகி இறுக்கிக்கலாம். அந்த மாதிரியே உங்க ஊர்க்காரர் வில்லியம் பௌச்சருடையதுதான். டிரம் செய்தவர், அதே உத்தியைப் பாஞ்சோவில் போட்டார்.

நேரில் போனால் தண்டியை ஒற்றைக் கண்ணால் பாருங்க, நேராக இருக்கான்னு. வளையம் சரியா 11 அல்லது 12 அங்குலமான்னு அளந்துக்கோங்க. தோல் கிழிந்தால் கடைத் தோல் பொருந்தும். கோணல் வளையம் என்றால் ஒவ்வொரு தடவையும் கைவேலைதான். வயலின் கை உதவும், ஆனா தந்தி நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுரங்களுக்கு நடுவே இடைவெளியும் அப்படியே.

குடுக்கைக்காரன் (பத்து நாள் கழித்து):
கொக்கிதான். 540க்குக் கொடுத்தார். 12 அங்குலம், தண்டி நேர். ஒரே தொல்லை, ஐந்தாம் தந்தியை முறுக்கும் பிரடை நழுவிக்கொண்டே இருக்கு. பசை ஏதாவது தடவலாமா?

ரிச்மண்ட் அக்கா:
பசை கூடவே கூடாது! பிரடையைக் கழற்றிக் கொஞ்சம் சாக்பீஸ் தேய்ங்க. திருகும்போதே உள்ளே அழுத்திக்கிட்டே திருகுங்க. வயலினில் செய்ததுதானே?

குடுக்கைக்காரன்:
இருபது வருஷத்தில் மறந்தே போச்சு அக்கா. பிரடை இப்போ நழுவாம நின்னுடுச்சு.