உதட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொப்புளம், முழுசாகப் போகாதா?

தூத்தூர் போட்டுக்காரன்:
கொச்சி தோப்பும்படியில் இருந்து மீன்பிடி போட்டு எடுத்து ஆழ்கடல் தூண்டிலுக்குப் போகிறவன் நான். கரையை விட்டு இரண்டு மூன்று நாள் ஆனதும் கீழுதட்டின் இடது ஓரம் குறுகுறுக்கும். மறுநாள் அங்கே கடுகளவில் நாலைந்து நீர்க்கொப்புளம், அப்புறம் உடைந்து பொருக்குக் கட்டும். உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். எப்போதும் அதே ஓரம்தான், வலது பக்கம் வந்ததே இல்லை. ராத்திரி கரப்பான் நக்கியிருக்கும் என்கிறார்கள் போட்டில் இருப்பவர்கள். போட்டில் கரப்பானுக்குக் குறைவில்லை, அது உண்மை.

இந்தத் தடவை கரைக்கு வந்ததும் டாக்டரைப் பார்த்தேன். சீட்டில் ஹெர்பிஸ் என்று எழுதி மாத்திரை தந்தார். வீட்டுக்காரி அந்தப் பேரை போனில் தேடிப் பார்த்தாள். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரை தின்றால் ஆறுகிறது, அடுத்த தடவை கடலில் தங்கும்போது திரும்ப வருகிறது. இதை ஒரேயடியாக ஒழிக்க மருந்தே இல்லையா?

அருமனை ரப்பர்வெட்டு:
அண்ணே, எங்கள் பக்கம் இதைப் பல்லி எச்சம் என்பார்கள். அண்ணியிடமும் அதையே சொல்லியிருந்தால் வம்பில்லாமல் முடிந்திருக்கும்.

தக்கலை சிஸ்டர்:
பல்லியும் கரப்பானும் பாவம், விடுங்கள். தோல் ஓபியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி, முதலில் வீட்டுச் சண்டையைத் தீர்ப்போம். உதட்டில் வருவது பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் முதல் வகை. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் உலக அளவில் மூன்றில் இரண்டு பேருக்கு இந்தத் தொற்று உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பலருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும், யாரோ பாசமாக உம்மா கொடுத்ததில். இடுப்புக்குக் கீழே வருவதற்கு அதிகமும் இரண்டாம் வகை காரணம். முதல் வகையும் அங்கே வரலாம், ஆனால் உதட்டுப் புண்ணை வைத்து ஒருவர் நடத்தையை எடைபோட முடியாது. இதை அப்படியே அவளிடம் காட்டுங்கள்.

இனி கேள்விக்கு வருவோம். முதல் தடவை தொற்றும்போதே வைரஸ் உதட்டுத் தோலில் இருக்கும் நரம்பு நுனிக்குள் புகுந்து, நரம்பு வழியாகவே மேலே ஏறி, மண்டையோட்டுக்குள் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் போய்த் தங்கிவிடுகிறது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என அந்த முடிச்சு இரண்டு. உங்களுடையது இடது முடிச்சில் இருந்து அதே நரம்பில் இறங்கி வருவதால்தான் ஓரம் மாறுவதில்லை. ரத்தத்தில் ஒன்றும் ஊறிக் கிடக்கவில்லை.

அங்கே அது என்ன செய்கிறது? ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதன் டிஎன்ஏ வளையமாகச் சுருண்டு நரம்புச் செல்லின் உட்கருவுக்குள் கிடக்கிறது. புரதம் எதுவும் செய்வதில்லை என்றே சொல்லலாம். நம் எதிர்ப்புச் சக்தி ஆளைக் கண்டுபிடிப்பதே அந்தப் புரதத்தை வைத்துத்தான். எஞ்சினை நிறுத்தி, விளக்கை அணைத்து, வயர்லெஸ்ஸிலும் பேசாமல் நடுக்கடலில் கிடக்கும் போட்டைக் கரையில் இருந்து எப்படித் தேடுவீர்கள்? அதே கதைதான். போதாததற்கு நரம்புச் செல் செத்தால் புதுசு முளைப்பது அரிது என்பதால், உடம்பும் அதைக் கொல்லப் பார்க்காமல் வெள்ளணுக்களைச் சுற்றிலும் காவல் வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

மாத்திரை தோற்பதும் இதனால்தான். இதற்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மருந்தை உசுப்பி வேலை செய்ய வைப்பதே வைரஸின் சொந்த நொதி. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது மருந்து அதைத் தடுக்கும். சும்மா கிடக்கிற வைரஸில் தடுக்க என்ன இருக்கிறது?

வெயில், காய்ச்சல், தூக்கக் கெடுதல், மனச்சுமை, பெண்களுக்கு மாதவிலக்கு, இதில் எது வந்தாலும் அது விழிக்கலாம். உங்களுக்கு முதல் மூன்றுநாள் உறக்கமில்லை, மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் வாங்கி அடிக்கடி தடவுங்கள், தலையில் விளிம்புத் தொப்பி போடுங்கள். குறுகுறுப்பு தொடங்கியதும், கொப்புளம் எழும்பும் முன்பே, மாத்திரையைத் தொடங்க வேண்டும். அதனால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை முன்கூட்டியே வாங்கி போட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புண்ணைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள், கருவிழியில் பரவினால் பார்வைக்கே கேடு.

அருமனை ரப்பர்வெட்டு:
சிஸ்டர், அப்பாவுக்கு விலாவில் அக்கி வந்தபோது மண்பாண்டக்காரர் வீட்டில் காவி கரைத்து எழுதினோம், ஆறிவிட்டது. அதுவும் இதுதானா?

தக்கலை சிஸ்டர்:
குடும்பம் ஒன்று, ஆள் வேறு. அது சின்னம்மை வைரஸ். அம்மை இறங்கி, மண்டைக்காட்டு அம்மன் கோவிலில் நேர்ச்சையும் கழித்து எல்லாரும் மறந்த பிறகும், முதுகுத்தண்டை ஒட்டிய முடிச்சுகளில் கிடக்கும். வயதாகி எதிர்ப்பு குறையும்போது ஒரே நரம்பின் வழியாக, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வரும். காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடும். எழுதுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மருந்தைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், காவி காயட்டும் என்று பார்த்திருந்து அதைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புண் ஆறியும் மாதக்கணக்கில் எரிச்சல் போகாமல், சட்டை உரசினாலே துடிக்கிறவர்கள் உண்டு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் அன்றே கண் டாக்டரிடம் ஓட வேண்டும். 50 தாண்டியவர்களுக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கடுப்பு.

தூத்தூர் போட்டுக்காரன்:
வீட்டுக்காரி வாசித்துவிட்டாள் சிஸ்டர், சோறு கிடைத்தது. தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. போய்ப் பார்க்கலாமா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

தக்கலை சிஸ்டர்:
பொருக்கு உதிர்ந்து தோல் மூடிய பிறகு போங்கள். பிறந்த பிள்ளைக்கு இது தொற்றினால் மூளை வரைக்கும் போகலாம். அதன் பிறகும் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள், உம்மா மட்டும் வேண்டாம்.