புதுப்பிப்பு: நாலு கோரும் எந்திரிச்சிருச்சுங்க

போன வாரம் போட்டிருந்தேன்ல, வாடகை சர்வர்ல எஸ்இவி-எஸ்என்பி (சர்வர்காரனே உள்ள எட்டிப் பாக்க முடியாதபடி மெமரிய பூட்டற ஏஎம்டி வசதி) விஎம்-க்குள்ள (மெய்நிகர் மெஷின்) என் பொம்மை கர்னல் (குட்டி ஓஎஸ்) ஓடுது, நாலு கோர் குடுத்தும் ஒண்ணுதான் முழிக்குதுன்னு, அது தீந்துருச்சுங்க.

மொதல் தப்பு, சாதா மெஷின் மாதிரி ஐநிட்-சிப்பி (தூங்கற கோர எழுப்பற சிக்னல்) அனுப்பிட்டு உக்காந்திருந்தேன். சாதா விஎம்ல மத்த கோரோட ரிஜிஸ்டர ஹைப்பர்வைசரே (விஎம்கள ஓட்டற சர்வர் சாஃப்ட்வேர்) செட் பண்ணி ஓட்டிரும், இங்க அவன நம்பக்கூடாதுங்கறதுதானே கதையே, ரிஜிஸ்டரெல்லாம் என்கிரிப்ட் ஆன விஎம்எஸ்ஏ பேஜ்ல (ஒரு கோரோட ரிஜிஸ்டர் நெலமைய சேத்து வைக்கற எடம்) இருக்கு, அவன் கை வைக்க முடியாது. அதனால கெஸ்ட்டே (விஎம்-க்குள்ள ஓடற கர்னல்) ஒரு 4 கேபி பேஜ் எடுத்து, ஆரம்ப ரிஜிஸ்டரெல்லாம் எழுதி, ஆர்எம்பி-அட்ஜஸ்ட்ங்கற இன்ஸ்ட்ரக்ஷன்ல இது விஎம்எஸ்ஏன்னு முத்திரை குத்தி, ஜிஎச்சிபி (கெஸ்ட்டும் ஹைப்பர்வைசரும் பேசிக்கற பொது மெமரி பேஜ்) வழியா இந்த அட்ரஸ்ல இருக்கு, ஓட்டுன்னு சொல்லணும். அவன் ஓட்டாம முரண்டு புடிக்கலாம், ஆனா வேற எடத்துல ஆரம்பிக்க வைக்க முடியாது.

அதையும் பண்ணேன், அப்பவும் அசையல. ரெண்டு ராத்திரி போச்சு, நடுவுல கொழிஞ்சாம்பாறைல மழை, கரண்ட்டும் இல்ல. கடைசில லினக்ஸ் சோர்ஸோட வரி வரியா ஒப்பிட்டா, விஎம்எஸ்ஏல இருக்கற ஈஎஃப்ஈஆர்ங்கற ரிஜிஸ்டர்ல எஸ்விஎம்ஈ (விர்ச்சுவலைசேஷன் ஆன்) பிட்ட நான் 1 ஆக்கவே இல்லீங்க! அது இல்லாட்டி விஎம்ரன் (கெஸ்ட்ட ஓட விடற இன்ஸ்ட்ரக்ஷன்) ஃபெயில்தான். ஒத்த பிட்டு.

சித்தூர் நண்பர் டிடிஎக்ஸ்ல (இன்டெல்லோட இதே மாதிரி வசதி) எப்படின்னு கேட்டாரு. அங்க இந்தக் கூத்து இல்லண்ணா, மத்த கோர்களை ஃபர்ம்வேரே நிறுத்தி வச்சிருக்கும், கெஸ்ட்டோட பிரைவேட் மெமரில இருக்கற மெயில்பாக்ஸ்ல ஏபிக் ஐடியும் (கோரோட நம்பர்) அட்ரஸும் எழுதுனா கெளம்பிரும்.

இன்னொண்ணு, விஎம்எஸ்ஏ பேஜ் 2 எம்பி எல்லைல விழாம பாத்துக்கங்க, சில சிப்ல அதுக்கு எரேட்டா (சிப்லயே இருக்கற பிழை) இருக்கு.