செம்பு நிறையத் தண்ணீர் இருந்தும் பொக்கே மலர்கள் இரண்டே நாளில் வாடியது ஏன்?

பாளை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலேயே மகளுக்கு நிச்சயதாம்பூலம் நடந்தது. வந்தவர்களில் பலரும் பூங்கொத்துகளையே கொண்டுவந்ததால், ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன், கிளாடியோலஸ், சம்பங்கி என்று அன்று மாலைக்குள் ஒரு கூடை சேர்ந்துவிட்டது. முழக்கணக்கில் பூ வாங்கித் தலைக்கும் சாமி படத்துக்கும் வைத்துப் பழகிய எனக்கு, தண்டோடு வந்த பூக்களை எப்படிப் பேணுவதென்று தெரியவில்லை. சுற்றியிருந்த வண்ணத்தாளைக்கூடப் பிரிக்காமல், பித்தளைச் செம்புகளில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றிச் செருகி, பட்டாசாலை (வீட்டுக் கூடம்) மேசையில் தாம்பூலத் தட்டுகளில் மீந்த வாழைப்பழச் சீப்புகளுக்கும் மாம்பழங்களுக்கும் பக்கத்தில் வைத்தேன். மேலே மின்விசிறி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலையில் ரோஜாக்கள் கழுத்து மடங்கித் தொங்கின. மறுநாள் ஜெர்பராவின் தண்டில் தண்ணீருக்குள் இருந்த பகுதி கொழகொழவென்று அழுகியிருந்தது. கார்னேஷனோ வாடாமலேயே இதழ்களை உள்ளே சுருட்டி மூடிக்கொண்டது. செம்பில் தண்ணீர் ஏறக்குறைய ஊற்றியபடியே இருந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. தண்ணீரில் நிற்கும் பூ எப்படித் தாகத்தால் வாடும்? போதாக்குறைக்கு, ஃபிரிட்ஜில் எடுத்து வைத்த மல்லிகைச் சரமும் மறுநாள் பழுப்பேறிக் கிடந்தது. வைகாசியில் என் கணவருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. அப்போதும் இதே கதை ஆகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேடை அலங்காரக்காரன்:

வணக்கம் அக்கா. திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்து மண்டபங்களில் பல ஆண்டுகளாக மேடை அலங்காரம் செய்து வருகிறேன். நீங்கள் சொல்லும் ரோஜாவும் ஜெர்பராவும் பெரும்பாலும் ஓசூர்ப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து நம் ஊருக்கு வருபவை. வழியிலேயே தண்டின் நுனி காய்ந்து இறுகிவிடும். அந்த நுனியை அப்படியே தண்ணீரில் வைத்தால் அது உறிஞ்சாது. எனவே பூ வீட்டுக்கு வந்தவுடன் முதல் வேலையாகத் தாள், நூல், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீருக்குள்ளேயே தண்டை அமிழ்த்திப் பிடித்து, அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சாய்வாக வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். கூரிய கத்தியோ புது பிளேடோதான் சரி.

வெட்டியபின், தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை ஒன்றுவிடாமல் உருவிவிடுங்கள். அவை அழுகினால் அன்றைக்கே நீர் கெடும். எங்கள் ஆட்கள் மேடைக்குப் பூவைக் கொண்டுபோகும் முன், வெயில் படாத அறையில் இரண்டு மணி நேரமாவது ஆழமான வாளித் தண்ணீரில் நிறுத்தி வைப்பார்கள். ஜெர்பராவை மட்டும் அப்படி நிறுத்துவதில்லை. அதன் தண்டு உள்ளீடற்றது, மேலே மென்மயிர் படர்ந்தது. ஆழத்தில் நின்றால் அழுகும் என்பதால் இரண்டு விரற்கடைத் தண்ணீர் போதும். அது குறைந்தவுடன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிளாடியோலஸைக் கிடையாக வைக்கவே கூடாது, நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். அதற்கும் சம்பங்கிக்கும் பூ அடியிலிருந்து மேலாக மலரும். வாடிய கீழ்ப்பூக்களை அன்றன்றே கிள்ளிவிட்டால் தண்டு பார்க்கப் பல நாள் அழகாக இருக்கும்.

நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், மாற்றும்போதெல்லாம் நுனியைச் சிறிது வெட்டுங்கள், செம்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். செப்புக்காசு போட்டால் பூ நிற்கும் என்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், காசுதான் பளபளத்தது. தண்ணீரில் சீனி போடும் வழக்கமும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள், நீர் நாறிவிடும்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்:

அம்மா, தண்ணீர் குறையவில்லை என்று நீங்கள் கவனித்து எழுதியதிலேயே விடை இருக்கிறது. தண்டுக்குள் நீரை மேலேற்றுவது தலைமயிரைவிட மெல்லிய குழாய்கள். வெட்டிய கணத்தில் அவற்றுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளலாம்; பிறகு கலத்து நீரில் பெருகும் பாக்டீரியாக்களும் அவற்றின் கோழையும் வாயை மூடிவிடுகின்றன. ஆக, உங்கள் ரோஜா நிறைந்த செம்பில் நின்றபடியே தாகத்தால்தான் வாடியது. தண்ணீருக்குள் வைத்து வெட்டச் சொல்வதும், இலையை உருவச் சொல்வதும், செம்பைத் தேய்க்கச் சொல்வதும் இந்த அடைப்பைத் தவிர்ப்பதற்காகவே.

கார்னேஷனின் கதை வேறு. அதன் குற்றவாளி உங்கள் வாழைப்பழம். பழுக்கும் பழங்களிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், கார்னேஷன் சில மணி நேரங்களில் இதழைச் சுருட்டிக்கொண்டு உறங்கப் போய்விடும். அதன்பின் அதை எழுப்ப முடியாது. அமெரிக்காவில் சிகாகோ நகரின் கண்ணாடிக் குடில்களில் வைக்கப்பட்ட கார்னேஷன்கள் இதேபோல் மூடிக்கொண்டதால் வளர்ப்போர் பெரும் நட்டமடைந்தனர். கிராக்கர், நைட் என்னும் இருவர் அதை ஆராய்ந்து, விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீனே காரணம் என்று 1908இல் எழுதினர். உங்கள் வீட்டில் அந்த வேலையைத் தாம்பூலத் தட்டு செய்திருக்கிறது. வாடிய பூவும் எத்திலீனை வெளியிடும் என்பதால், கொத்தில் ஒன்று வாடினாலும் உடனே எடுத்துவிட வேண்டும்.

சீனியைப் பற்றி அலங்காரத் தம்பி சொன்னது பாதி சரி. கொடியிலிருந்து பிரிந்த பூவுக்கு உணவு இல்லை. சீனி அந்த உணவாகும். மேல்மொட்டுகள் மலரவும் அது உதவும். ஆனால் அதைத் தனியாகப் போட்டால் பூவுக்கு முன்னால் பாக்டீரியா உண்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கிருமியைத் தடுக்கத் துணி வெளுக்கும் திரவத்தில் ஒரு தேக்கரண்டி என்பது வீட்டில் செய்யத்தக்க கலவை. சாற்றையும் வெளுக்கும் திரவத்தையும் நேருக்கு நேர் கலந்தால் நச்சு வாயு எழும். சாற்றை முதலில் முழுத் தண்ணீரில் கலந்து, வெளுக்கும் திரவத்தைக் கடைசியாகச் சேருங்கள். நீர் லேசாகப் புளிப்பாக இருந்தால் தண்டு எளிதில் உறிஞ்சும் என்பதற்காகவே எலுமிச்சை. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளைவிட, உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீர் வரும் ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்து வீடுகளுக்கு அது கூடுதலாகத் தேவைப்படும்.

கலக்கம் வேண்டாம், ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். அறுபதாம் கல்யாணத்துக்கு அரளிக் கொத்து வைப்பதாக இருந்தால், அரளி நின்ற தண்ணீரும் நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், அந்த நீரை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

சங்கரன்கோவில் மருமகள்:

மல்லிகைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, அக்கா! எங்கள் ஊர்ப் பூச்சந்தையிலிருந்து கேரளம் வரை பூ போகிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த நாள் முதல் எங்கள் ஊர்க்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள், அது கிடக்கட்டும்.

மல்லிகைக்குத் தண்டு இல்லாததால் உறிஞ்சவும் வழியில்லை. விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்தது மாலையில் மலரும். அதற்கிடைப்பட்ட நேரத்தை நீட்டுவதுதான் நாம் செய்யக்கூடியது. எனவே சரத்தை மொட்டாக இருக்கும்போதே வாங்குங்கள். பூவின்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், துளி நின்ற இடத்திலெல்லாம் பழுப்பேறும். உலர்ந்த வாழையிலையில் சரத்தைத் தளர்வாகச் சுற்றி, நன்றாகப் பிழிந்த ஈரிழைத் துண்டால் அந்த இலையை மூடி, எவர்சில்வர் சம்புடத்தில் வைத்து, ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில் வையுங்கள். உங்கள் சரம் உறைபெட்டியை ஒட்டிய மேல்தட்டில் இருந்திருக்கும். உறைந்த இதழ் வெளியே எடுத்ததும் கண்ணாடிபோல் ஆகிப் பழுத்துவிடும். பிச்சிப்பூவுக்கும் இதே முறைதான், ஆனால் அது மல்லிகையைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். காலையில் வாங்கி மாலைக்குள் வைத்துவிடுவதே நல்லது. கனகாம்பரம் இரண்டு நாள் தாங்கும். கேந்தி (செண்டுமல்லி) மாலையைக் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம்.

பாளை வாசகி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மீந்திருந்த ஏழு ரோஜாக்களை அலங்காரத் தம்பி சொன்னபடி வாளிக்குள் வைத்து வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் சுற்றி, ஆழமான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்தினேன். மூன்று நிமிர்ந்துவிட்டன, நான்கு நிமிரவே இல்லை. கார்னேஷன்களை ஐயா சொன்னதற்கிணங்க வெளியே எறிந்துவிட்டேன். சம்பங்கியில் அடிப்பூக்களைக் கிள்ளிவிட்டு, எலுமிச்சையும் சீனியும் கலந்த நீரில் வைத்ததில் நேற்று இரவு மேலே இரண்டு மொட்டுகள் மலர்ந்து பட்டாசாலை முழுவதும் மணந்தது. பழத்தட்டுகள் இப்போது அடுக்களையில் இருக்கின்றன. மின்விசிறியைத்தான் இந்த வெயிலில் நிறுத்த முடியவில்லை. பூக்களைச் சுவர் மூலைக்கு நகர்த்தியிருக்கிறேன்.