ஸ்காட்லாந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு 'மதராஸ்'னு பேர் எப்படி வந்தது?

அம்பை வாசி:
அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்துல டண்டீ ஊர்ல இருக்கிற மக வீட்டுக்குப் போயிட்டு போன வாரம்தான் திரும்பினேன். அங்கேயிருந்து பஸ்ஸுல அரைமணி போனா ஃபைஃப் வட்டாரத்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்னு கடற்கரை ஊர். திரும்பும்போது சீருடைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பஸ்ஸுல ஏறினாங்க. கோட்டுல பார்த்தா 'மதராஸ் காலேஜ்'! கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு மறுபடி பார்த்தேன், அதேதான். காலேஜ்னு பேரே தவிர, நம்ம மேல்நிலைப் பள்ளி மாதிரிதானாம். ஏன் இந்தப் பேருன்னு மருமகனுக்கும் தெரியலை. இங்கே யாருக்காவது தெரியுமா?

தேரிக்காட்டான்:
கம்பெனி காலத்துல இங்கே சம்பாதிச்சுட்டுப் போன யாராவது கட்டியிருப்பாங்க. நம்ம இடையன்குடி கால்டுவெல் ஐயர் கிளாஸ்கோவுல படிச்சவர்தானே, அந்த வழியா இருக்குமோ?

கல்லிடை வாத்தியார்:
கால்டுவெல் இல்லை தம்பி. அவர் சென்னையில வந்து இறங்கினது 1838. அந்தப் பள்ளிக்கூடம் 1833லேயே திறந்தாச்சு. கட்டினவர் பெயர் ஆண்ட்ரூ பெல். அதே செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஒரு நாவிதர் மகனா 1753ல பிறந்தவர். பாதிரியாராகி, 1787ல சென்னைக்கு வந்தார். ரெண்டு வருஷத்துல எழும்பூர்ல, ராணுவத்தார் விட்டுட்டுப் போன ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளி அவர் பொறுப்புக்கு வந்தது.

ஒருநாள் காலையில குதிரையில போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் நம்ம தமிழ் ஆட்களைத்தான் மலபார்னு எழுதுவாங்க. பிள்ளைகள் தரையில மணலைப் பரப்பி விரலால எழுதிக்கிட்டு இருந்தாங்க. நேரா விடுதிக்குப் போய், அரிச்சுவடி வகுப்பை இப்படி நடத்துங்கன்னு வாத்தியார்மார்கிட்ட சொன்னார். அவங்க நடக்காதுன்னுட்டாங்க. சரின்னு ஜான் ஃபிரிஸ்கன்னு ஒரு சிப்பாய் மகன், எட்டு வயசுப் பையன், அவன்கிட்ட அந்த வகுப்பை ஒப்படைச்சார். பையன் ஜெயிச்சுட்டான். பொறவு எல்லா வகுப்புக்கும் பிள்ளைகளையே வாத்தியாரா வச்சார். இதை 1797ல லண்டன்ல அச்சுப்போட்டு வெளியிட, 'மதராஸ் முறை'ன்னே பேராகிப் போச்சு. கடைசிக் காலத்துல பள்ளிக்கூடங்களுக்காக அவர் எழுதிவச்சது ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி அதுல எழும்பினதுதான். பக்கத்துல கூப்பர்ங்கிற ஊர்லயும் ஒரு மதராஸ் பள்ளி இருந்தது, இப்ப பெல் பாக்ஸ்டர்னு பேர். அடுத்த தடவை போனா அங்கேயும் பாருங்க. செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி 2021ல ஊரோரமாப் புதுக் கட்டடத்துக்கு மாறிட்டது, பேரை மாத்தலை.

இதை எழுதும்போதே எனக்கு விரல் குறுகுறுங்குது. எங்க தாத்தா இங்கே திண்ணைப் பள்ளியில அண்ணாவியா, அதாவது வாத்தியாரா இருந்தவர். ஆத்துமணலை ரெண்டு தரம் சலிச்சு, வெயில்ல காயப்போட்டு, சாக்குல கட்டி வச்சிருப்பார். 1956 விஜயதசமிக்கு அந்த மணல்லதான் என் விரலைப் பிடிச்சு எழுதவச்சார். 'அ' சுழிச்சு இழுக்கும்போது நகக்கண்ணுல மணல் ஏறும். எரியும். தப்பாப் போச்சுன்னா உள்ளங்கையால ஒரு தடவு, அவ்வளவுதான். பெரிய பையன் ஒருத்தன், சட்டாம்பிள்ளை, எழுத்தைச் சொல்லிக்கிட்டே எழுதுவான். நாங்க அதே மாதிரி கத்திக்கிட்டே எழுதணும். ஃபிரிஸ்கன் செய்ததும் இதேதான். 1823லேயே பெல்லாரி கலெக்டர் கேம்பல் எழுதிட்டார், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த முறையை இங்கிலாந்து நம்மகிட்டேயிருந்துதான் எடுத்துக்கிச்சுன்னு. அப்படியிருக்க, நான் பார்த்த நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்துல ஒரு வரி இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

நாசரேத் டீச்சர்:
வாத்தியார் ஐயா, நல்ல தகவல். ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க ஆளுகளை எந்த அண்ணாவியும் திண்ணையில ஏத்தலை. பொம்பளைப் பிள்ளைகளைப் பத்திப் பேசவே வேண்டாம். எங்க ஆச்சியோட அம்மா முதமுதல்ல கையெழுத்துப் போட்டது, இடையன்குடியில எலைசா கால்டுவெல் அம்மா தொடங்கின பெண்கள் பள்ளியில படிச்ச பிறகுதான். சட்டாம்பிள்ளை முறை பிரிட்டன்ல பரவினதுக்கும் முக்கியமான காரணம் செலவு. ஒரே வாத்தியாரை வச்சு நூத்துக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிச்சுடலாம். ஸ்காட்லாந்துல பள்ளிக்கூடமே இல்லாம இருந்து பெல் கொண்டுபோன மாதிரியும் ஆயிடக்கூடாது. ஒவ்வொரு சபை வட்டாரத்துலயும் நிலக்காரங்க சேர்ந்து பள்ளிக்கூடம் வைக்கணும், வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கணும்னு 1696லேயே அங்கே சட்டம் உண்டு. 1872ல அஞ்சு வயசுல இருந்து பதிமூணு வரைக்கும் கட்டாயக் கல்வி.

கல்லிடை வாத்தியார்:
டீச்சர், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. எங்க தாத்தா திண்ணையிலயும் நாலு தெருப் பையன்கள்தான். எங்க அம்மா அவருக்குச் சொந்த மக. வாசல்படிக்கு உள்ளே நின்னு, தம்பி கத்துறதைக் கேட்டுக் கேட்டு எழுத்துக் கத்துக்கிட்டா. மணல்ல கை வைக்க விடலை. முதல் பதிவுலயே இதை எழுதியிருக்கணும். தாத்தாமேல உள்ள பாசத்துல விட்டுட்டேன், மன்னிக்கணும்.

அம்பை வாசி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மககிட்டே போன்ல வாசிச்சுக் காட்டினேன். பேத்திக்கு நாலு வயசு, தமிழ் பேசுவா, எழுத்துத் தெரியாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையிலயே மணல் எடுத்துத் தொடங்கட்டுமான்னு மக கேக்கா. அந்த மணல் ஆகுமா?

கல்லிடை வாத்தியார்:
தாராளமா ஆகும். கடல் மணல்ல உப்பு இருக்கும், ஈரம் இழுத்து விரல்ல ஒட்டும். மூணு தண்ணி அலசி, அங்கே வெயில் போதாதுன்னா ஹீட்டர் பக்கத்துல தாளைப் போட்டுக் காயவைக்கச் சொல்லுங்க. விளிம்பு வச்ச தட்டுல விரல் கனத்துக்குப் பரப்பினாப் போதும். எடுத்ததும் 'அ' வேண்டாம், சுழி வராம பிள்ளை சலிச்சுப் போகும். ட, ப ரெண்டும் நேர்கோடு, ம-வுல ஒரு வளைவுதான், அதுல ஆரம்பிக்கட்டும். 'படம்'னு எழுதிட்டாள்னா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.