பைப்லைனில் மட்டும் ஏபிஐ டோக்கன் 401 தருகிறது, ஏன்?

வடிவு:
வணக்கம். எங்களிடம் இரண்டு ஜென்கின்ஸ் (பில்ட், டிப்ளாய் வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள்) சர்வர்கள். முதலாவதில் பில்ட் முடிந்ததும் இரண்டாவதில் உள்ள டிப்ளாய் வேலையை கர்ல் (கட்டளை வரியிலிருந்து சர்வரை அழைக்கும் கருவி) மூலம் தொடங்கி வைக்க வேண்டும். கடவுச்சொல்லுடன் அழைத்தபோது கிரம்ப் (போலி அழைப்புகளைத் தடுக்க ஜென்கின்ஸ் கேட்கும் குறியீடு) இல்லை என்று 403 வந்ததால், என் கணக்கில் ஏபிஐ டோக்கன் (ஸ்கிரிப்டுகள் கடவுச்சொல்லுக்குப் பதில் கொடுக்கும் ரகசியச் சரம்) உருவாக்கினேன். என் கணினியிலிருந்து கர்லிடமே பயனர்பெயரையும் டோக்கனையும் கொடுத்து அழைத்தால் வெற்றி என்று 201 வருகிறது, வேலையும் ஓடுகிறது. பைப்லைனில் (பில்ட் படிகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) அவற்றை எக்கோ கட்டளை மூலம் பேஸ்64 குறியீட்டு வடிவாக்கி, அழைப்பின் ஹெட்டரில் அனுப்புகிறேன். அங்கே 401. அனுமதியில் ஏதாவது விட்டுப்போயிற்றா?

சேது:
அனுமதி போதாவிட்டால் 403 வந்திருக்கும். 401 என்றால் நீங்கள் யாரென்றே சர்வருக்குத் தெரியவில்லை. எனவே உரிமைப் பட்டியலை விட்டுவிட்டு, அங்கே போய்ச் சேரும் எழுத்துகளைப் பாருங்கள்.

எக்கோ கடைசியில் ஒரு புதுவரிக் குறியையும் சேர்த்தே தள்ளும். அது பேஸ்64-க்குள் புகுந்தால் டோக்கன் பொருந்தாது. ஜென்கின்ஸ் 2.129 பதிப்பில் வந்த புதுவகை டோக்கனுக்கு 34 எழுத்துகள். தொடக்கம் எப்போதும் 11. எக்கோவின் வெளியீட்டை பேஸ்64-க்குப் பதில் டபிள்யூசி என்ற எண்ணும் கட்டளைக்கு அனுப்பி பைட்டுகளை எண்ணுங்கள்: பயனர்பெயரின் நீளம், முக்காற்புள்ளிக்கு ஒன்று, டோக்கனுக்கு 34. ஒன்று கூடியிருந்தால் புதுவரிதான் காரணம். எக்கோவை எடுத்துவிட்டு, தானாகப் புதுவரி சேர்க்காத பிரிண்ட்எஃப் போடுங்கள்.

இன்னொன்று. ஷெல் கட்டளையை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இரட்டை மேற்கோள் போட்டால் ஷெல்லுக்குப் போகும் முன்பே க்ரூவி (பைப்லைன் எழுதப்படும் மொழி) டோக்கனை நிரப்பிவிடும். அந்த இயந்திரத்தில் ஓடும் செயல்களைப் பட்டியலிட்டுப் பார்ப்பவர் கண்ணிலும் அது படலாம். கன்சோலில் டோக்கனுக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் தெரிவதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

மாறன்:
சேது சொன்னது சரி. ஆனால் டோக்கன் உங்கள் சொந்தக் கணக்கில் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஜென்கின்ஸில் டோக்கனுக்கென்று தனி வரம்பு இல்லை. நீங்கள் நிர்வாகி என்றால் அதைக் கையில் வைத்திருப்பவரும் நிர்வாகிதான். டிப்ளாய்க்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அந்த ஒரு வேலையைப் பார்க்கவும் ஓட்டவும் மட்டும் உரிமை கொடுங்கள். நாளை நீங்கள் வேறு இடம் போய் உங்கள் கணக்கை மூடினாலும் டிப்ளாய் நிற்காது.

வடிவு:
ஒரு பைட் கூடுதலாகத்தான் இருந்தது. பிரிண்ட்எஃப் போட்டதும் 201 வந்துவிட்டது, இருவருக்கும் நன்றி. தனிக் கணக்கும் தொடங்கிவிட்டேன். இனி டோக்கனை மாற்றும்போது இடையில் டிப்ளாய் தடைபடாமல் இருக்க என்ன செய்வது?

சேது:
ஒரு கணக்கில் பல டோக்கன்கள் வைத்துக்கொள்ளலாம். புதியதை உருவாக்கியவுடன் நகலெடுங்கள். அந்த ஒருமுறைதான் முழுதாகக் காட்டும். பைப்லைனில் அதைப் பொருத்திவிட்டு, பழைய டோக்கன் எத்தனை முறை, கடைசியாக எப்போது பயன்பட்டது என்பதைக் கணக்கின் அமைப்புப் பக்கத்தில் கவனியுங்கள். டிப்ளாய்கள் ஓடிய பிறகும் பழையதன் எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் நீக்கிவிடலாம். ஏறினால் வேறு ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை முதலில் கண்டுபிடியுங்கள்.