டைப்ரைட்டருக்கு மேசை: தோட்டத்து ஆபீஸ் மிஷின் வைத்திருப்பவர்கள் வாங்க, பேசலாம்

சுங்கை சிப்புட்டிலிருந்து

பழைய டைப்ரைட்டர் வைத்திருக்கும் பலர் அதை டிவிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்து, மேலே பிளாஸ்டிக் பூவும் வைத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் எழுத்து விசைகளைக் கழற்றிச் சாவிக்கொத்து செய்திருந்தார்கள். எனக்கு மனசு ஒப்பவே இல்லை. அது அடிக்கிற மிஷின், அடிக்கத்தான் வேண்டும். அதற்கு முதலில் அதற்கென்று ஒரு மேசை வேண்டும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நான் இங்கே மலேசியாவில் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். டவுனில் டைப்பிங் கிளாஸுக்குப் போய், விசைகளைத் துணியால் மூடிவைத்து ‘ஏ எஸ் டி எஃப்’ பழகியவள். ஆபீஸில் இருந்தது தாளைத் தாங்கி நகரும் வண்டி நீளமான இம்பீரியல் டைப்ரைட்டர். சம்பளப் பதிவேடான செக்ரோல் தாள் அகலமானது, சாதாரண மிஷினில் நுழையாது. பெயர், பெயருக்கு நேரே வேலை நாள், பால் ராத்தலுக்கான கூடுதல் பணம், அப்புறம் பிடித்தங்கள்: ஊழியர் சேமநிதி, சங்கச் சந்தா, அட்வான்ஸ், கோயில் பணம். கடைசிக் கட்டத்தில் கையில் கிடைப்பது. சம்பளத்துக்கு முந்தின நாள்களில் ஆபீஸில் பேச்சுச் சத்தம் இருக்காது, மிஷின் சத்தம் மட்டும்தான். ஆறு விழ வேண்டிய இடத்தில் மூன்று விழுந்தால் அந்த மாசம் ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து கிடையாது. என் அம்மாவும் பால் வெட்டினவர். அவர் பெயரையும் நான்தான் அந்தத் தாளில் அடித்தேன். அந்த வரி வந்தால் விரல் தானாக நிதானிக்கும்.

வேலை முடிந்த பிறகும் அந்த மிஷினுக்கு ஓய்வில்லை. குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அடையாள அட்டையைக் குடிமக்களின் நீல அட்டையாக்கக் கேட்டு மனு, பிறப்புப் பத்திரத்தில் பெயர் திருத்த மனு, எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்கு விஷயமாகக் கடிதம். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நின்று, தாள் ஏற ஏற அதையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கையால் எழுதிக் கொடுத்தால் கவுண்டரில் ஒரு பார்வை, டைப் அடித்துக் கொடுத்தால் வேறு பார்வை என்று அவர்களுக்குத் தெரியும்.

தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு கைமாறி, ஆபீஸைக் காலி செய்தபோது பழைய பேப்பர் லோரிக்காரர் அந்த மிஷினை இரும்பு விலைக்கு எடைபோட வந்தார். அவரிடமே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கி வந்தேன்.

இப்போது மேசை விஷயம். எழுதும் மேசை பெரும்பாலும் 29, 30 அங்குல உயரம். டைப்ரைட்டரின் விசை வரிசைகளோ மேசைப் பரப்புக்கு மேலே எழும்பி நிற்பவை. அந்த உயரத்தில் வைத்து அடித்தால் தோள் தூக்கிக்கொள்ளும், ஒரு பக்கம் அடிப்பதற்குள் கழுத்து பிடித்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்து டைப்பிங் மேசைகள் 26 அங்குலத்தில் இருந்தன. முழங்கை மடங்கும் உயரத்தில் விசைகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

உயரத்தைவிட முக்கியமானது ஆட்டம். ஒவ்வொரு வரி முடிந்ததும் இடது பக்க நெம்புகோலைப் பிடித்து வண்டியை வலது பக்கம் தள்ளுகிறோம். கனமான வண்டி ஓடிப்போய் முட்டி நிற்கும்போது அந்த வேகம் முழுக்கக் கால்களுக்கு இறங்குகிறது, அதுவும் பக்கவாட்டில். கடையில் வாங்கும் ஸ்க்ரூ மேசை சில மாசத்தில் தளர்ந்துவிடும். அதனால் நான் துளையும், அதற்குள் செருகும் மர நாக்கான கழுந்துமாகப் பொருத்தினேன். கால்களுக்கு, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீடு இடித்தபோது கிடைத்த மெராந்தி மரம். பழைய மரம் என்றால் காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் சீவுளி வைக்காதீர்கள். தலை போன ஆணி உள்ளே உட்கார்ந்திருக்கும், சீவுளி வாய் போய்விடும். கழுந்து சரியாக இருக்கிறதா என்பதற்கு என் சோதனை இதுதான்: கையால் தள்ளினால் பாதி போகணும், மீதி கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) தட்டுக்கு இறங்கணும். முழுசும் கையாலேயே போனால் அது தளர்ச்சி. கொட்டாப்புளிக்கும் அசையாவிட்டால் துளையைப் பிளந்துவிடும், கொஞ்சம் சீவ வேண்டும். பின்பக்கம் இரண்டு கால்களுக்கும் இடையே அகலமான ஒரு குறுக்குப் பலகை கொடுத்தேன். ஆட்டத்தை நிறுத்துவது அதுதான்.

மேல்பலகை கித்தா மரம், அதாவது ரப்பர் மரம். வேறு மரம் போட மனசு வரவில்லை. அம்மா காயம் போட்டுப் பால் எடுத்த மரம் அது. 25, 30 வருஷம் பால் கொடுத்துவிட்டு வெட்டுப்பட்டால், முன்பெல்லாம் புகைக்கொட்டகைக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போகும். 1980-களில்தான் பெரிய அளவில் மேசை நாற்காலி செய்து ஏற்றுமதி செய்தார்கள், ‘மலேசியன் ஓக்’ என்று பெயர்கூட வைத்தார்கள். மூவாரில் இன்றைக்கும் அந்தத் தொழில்தான் ஓடுகிறது. ஆனால் தோட்டத்தில் சாய்த்த மரத்தை அப்படியே அறுத்து மேசை செய்ய நினைக்காதீர்கள். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். சில நாளிலேயே நீலம் பிடிக்கும், பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். ஆலையில் போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் காயவைத்த பலகைதான் நிற்கும். ஹார்ட்வேர் கடையில் துண்டுகளை ஒட்டிச் செய்த பலகையாகக் கிடைப்பது அந்த வகை.

மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பலகை அகலவாக்கில் உப்பும், சுருங்கும். சட்டத்தில் ஸ்க்ரூ துளையைப் பலகையின் அகலவாக்கில் அரம் போட்டு நீட்டி விட்டால் பலகை அதன் போக்கில் நகர்ந்துகொள்ளும், பிளக்காது. மிஷினுக்குக் கீழே தடித்த கம்பளித் துணி. இந்த நான்கைந்து விஷயம் போதும், மற்றதெல்லாம் உப்புத்தாளும் பொறுமையும்.

கூலிம் பக்கமிருந்து

அக்கா, அந்தப் பிடித்தக் கணக்கையெல்லாம் போட்டவர் எங்கள் அப்பா மாதிரி ஒரு பெரிய கிராணியாகத்தான் (தலைமை எழுத்தர்) இருப்பார். எங்கள் தோட்டத்தில் கணக்குக்கு ஃபேசிட் கைப்பிடி மிஷின். ஸ்வீடன் நாட்டுச் சாமான், மின்சாரமே வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஆபீஸுக்குப் போனால் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுவார். நாள் கூலி 4 வெள்ளி (ரிங்கிட்) 10 காசு, 23 நாள் வேலை என்று வையுங்கள். 410 போட்டுக் கைப்பிடியை மூன்று சுற்று. ஒரு இடம் நகர்த்தி இரண்டு சுற்று. கீழே 9430 நிற்கும், 94 வெள்ளி 30 காசு. பெருக்கல் என்பது கூட்டல்தான் என்று எனக்கு வாத்தியார் சொல்லிப் புரியவில்லை, அந்த மிஷின் சொல்லிப் புரிந்தது. வகுத்தலுக்குப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். அளவு தாண்டினால் மணி அடிக்கும், ஒரு சுற்று முன்னே விட்டுச் சரிசெய்வார். 1970-களில் ஜப்பான் கால்குலேட்டர் வந்ததும் அந்தக் கம்பெனியே விழுந்துவிட்டது. அப்பா மட்டும் விடவில்லை. பேட்டரி கால்குலேட்டரில் போட்டதை ஃபேசிட்டில் ஒருமுறை சுற்றிப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பார்.

அப்பா காலமான பிறகு அதற்கு நான் ஒரு பெட்டி செய்தேன். பக்கங்களில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, மூடி இழுத்துத் திறக்கிற மாதிரி. மூடிக்கு மட்டும் பலகை போடாமல் பிளைவுட் போட்டேன், மழைக்காலத்தில் காடியில் இறுகாது. கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும் பக்கத்தில் அரைவட்டமாக வெட்டிவிட்டேன், பெட்டிக்குள் இருக்கும்போதே சுற்றலாம். என் மகள் பெருக்கல் வாய்ப்பாட்டை அதில்தான் சரிபார்க்கிறாள்.

தெலுக் இந்தானிலிருந்து

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களிடம் இருந்தது தமிழ் டைப்ரைட்டரும், நகலெடுக்கும் கெஸ்டெட்னர் மிஷின் ஒன்றும். சோதனைத் தாள் எல்லாம் சைக்ளோஸ்டைல்தான். மை நாடாவை விலக்கி வைக்க ஒரு சின்ன நெம்புகோல் உண்டு, வெள்ளைப் புள்ளிக்குத் தள்ளினால் எழுத்து நேராக மெழுகுத் தாளை (ஸ்டென்சில்) தட்டும். ஓங்கித் தட்டினால் சுழியத்தின் நடுத்துண்டு உதிர்ந்து, அச்சில் கறுப்புப் பொட்டாக வரும். மென்மையாகத் தட்டினால் எழுத்தே வராது. பிழை விழுந்தால் நகப்பூச்சு வாடை அடிக்கும் திரவத்தைத் தடவி, காயவிட்டு, அதன் மேலேயே திரும்ப அடிக்க வேண்டும்.

தமிழில் அடிப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். ‘க்’ அடிக்க முதலில் புள்ளி, அந்த விசைக்கு வண்டி நகராது, பிறகு ‘க’. புள்ளியை முன்னாலேயே நினைத்துக்கொண்டால்தான் கை ஓடும். அந்த விசைப்பலகையை அமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஆபீஸ் வேலை தெரிந்த மனிதர் செய்த மிஷின் என்பது அடிக்க உட்கார்ந்தால் தெரியும். பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பதில்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

தச்சுவேலை எனக்குப் பெரிதாக வராது. பேலட் பலகையைப் பிரித்து, பழைய ஸ்டென்சில்களைத் தொங்கவிட ஒரு அலமாரி அடித்திருக்கிறேன். மை ஒற்றிய நாளிதழோடு அப்படியே தொங்குகின்றன. 26 அங்குல மேசையை இனிமேல்தான் செய்யணும். அம்மா, நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்துவிட்டேன்.

லாபிஸிலிருந்து

அக்கா, தாத்தாவின் ஒலிம்பியா என்னிடம் இருக்கிறது. விசையைத் தட்டினால் எழுத்து விழுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை, ஒரே இடத்தில் விழுகிறது. பூட்டுத் திறக்க அடிக்கிற ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து

அடிக்காதீங்க தம்பி. அந்த எண்ணெய் முதல் நாள் நன்றாக ஓடும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகி எழுத்துத் தண்டுகள் திரும்பி வராமல் நின்றுவிடும். தண்டுகள் உட்கார்ந்திருக்கும் பிளவுகளில் ஸ்பிரிட் தொட்டுப் பழைய பல் பிரஷால் தேயுங்கள், உலர விடுங்கள். அங்கே எண்ணெயே வேண்டாம். வண்டி ஓடும் தடத்தில் மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

உங்கள் பிரச்சினை வேறாக இருக்கும். வண்டியை இடது பக்கம் இழுப்பது ஒரு சுருள்வில். அதற்கும் வண்டிக்கும் நடுவே ஒரு நாடா இருக்கும். மிஷினைப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள், வில் வைத்த வட்டப்பெட்டி தெரியும். நாடா அறுந்திருந்தால் வண்டி செத்துப்போனது மாதிரி நிற்கும். தூண்டில் நைலான் கயிறு தடிப்பாக வாங்கி அதே நீளத்துக்குக் கட்டலாம். கட்டுவதற்கு முன் வட்டப்பெட்டியைச் சில சுற்று முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், கை தவறினால் வில் முழுசும் விரிந்துவிடும், அதனால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ரப்பர் உருளையையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால் ஒரு தாளுக்குப் பதில் இரண்டு தாள் வைத்து அடியுங்கள், எழுத்து அச்சுக்கு அடி படாது. மை நாடா அரை அங்குல அகலம் உள்ளது ஆன்லைனில் கிடைக்கிறது, பழைய சுருளைத் தூக்கிப் போடாமல் அதிலேயே சுற்றிக்கொள்ளுங்கள்.

ஐயா, உங்கள் மேசைக்கு மெராந்தி வேண்டுமானால் சொல்லுங்கள். லயத்து உத்தரத்தில் இன்னும் இரண்டு கால்களுக்கு வரும் அளவுக்கு வைத்திருக்கிறேன். மிஷினின் நான்கு ரப்பர் பாதங்களுக்கு இடையே அளவெடுத்து அனுப்புங்கள், வண்டி இரு பக்கமும் முழுசாக ஓடிய அகலத்தையும் சேர்த்து. வண்டி சுவரில் இடித்தால் அப்புறம் நகர்த்த முடியாது.