பட்டாளம் வந்தா களவு நின்னுருமா?

குழு: தோட்டத்துச் சொந்தம்

பல்லடம் சித்தப்பா, காலை 6:12
ஒரு பார்வர்டு வந்துதுங்க. வாஷிங்டன்ல மிலிட்டரிய எறக்குனாங்களாமா, கொலை களவு எல்லாம் ஒரே மாசத்துல அடங்கிப் போச்சாமா. இங்க செமலைக்கவுண்டன்பாளையத்துல 2024 நவம்பர்ல மூணு பேரைத் தோட்டத்து வீட்டுலயே கொன்னுபோட்டாங்க. சிவகிரிப் பக்கம் 2025ல வயசான புருசன் பொண்டாட்டியையும் கொன்னாங்க. தோட்டத்துச் சாளையில ஆரு தெகிரியமாப் படுக்கறது? நம்ம பக்கமும் பட்டாளத்தை அனுப்பச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதி வெச்சிருக்கறேன். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கோ.

கோபி அத்தை, 6:20
மொதக் கையெழுத்து என்னோடது. தனியாக் கெடக்கற வயசானவங்களுக்கு ஒரு வழி பண்ணித்தான் ஆகோணும்.

மேரிலேண்ட் பாப்பா, 6:41
சித்தப்பா, கையெழுத்துக்கு முன்னாடி அந்த பார்வர்டைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துக்கலாங்களா? வாஷிங்டன்ல படை எறங்குனது 2025 ஆகஸ்ட் 11க்குப் பொறவு. மொதல்ல நேஷனல் கார்டுங்கற பகுதிநேரப் பட்டாளம் 800 பேரு, அப்பறம் மத்த மாநிலத்துல இருந்தும் வந்து 2,000த்தைத் தாண்டுச்சு. ஆனா கொலைக் கணக்கு அதுக்கு முன்னாடியே எறங்கிட்டு இருந்துதுங்க. 2023ல 274, 2024ல 187. படை வந்தது அதுக்கும் அடுத்த வருசம்.

அதோட, படை மட்டும் வரலை. ஊர்ப் போலீசை 30 நாளைக்கு ஜனாதிபதி தன் கைக்கு எடுத்தாரு, மத்திய ஏஜெண்டுகளும் தெருவுல நின்னாங்க. மூணும் ஒட்டுக்கா நடந்துது. எதுனால கொறைஞ்சுதுன்னு தனியாப் பிரிக்க முடியாதுங்க.

பல்லடம் சித்தப்பா, 6:48
சரி பாப்பா. அந்த ஊர்ப் போலீசு சொல்ற கணக்கு மட்டும் நெசமா? அவங்களும் கொறைச்சுத்தான எழுதுவாங்க?

மேரிலேண்ட் பாப்பா, 7:05
கேக்க வேண்டிய கேள்விதானுங்க சித்தப்பா. ஊர்ப் போலீஸ் வெப்சைட்ல போடற தினசரிக் கணக்குல, 2024ல வன்குற்றம் 35 சதவீதம் கொறைஞ்சிருக்குது. அதே ஊரு மத்திய போலீசான எஃப்பிஐக்கு அனுப்புன கணக்குல ஏறக்கொறைய 9 சதவீதந்தான். ஊரும் ஒண்ணு, வருசமும் ஒண்ணு. ஏன்னா தினசரிக் கணக்குல அடிதடியில ஆயுதத்தோட தாக்குனது மட்டும் சேரும். கையால அடிச்சே எலும்பை முறிச்சிருந்தா அதுல வராது. எஃப்பிஐ கணக்குல ரெண்டும் சேரும். இது போக, குற்றத்தோட தலைப்பையே கொறைச்சு எழுதறாங்கன்னு புகார் வந்து ஒரு போலீஸ் கமாண்டரை லீவுல அனுப்பி விசாரிச்சாங்க.

அதனால நான் கொலைக் கணக்கைத்தான் மொதல்ல பாப்பேன். பொணத்தை எந்த ரிஜிஸ்டர்லயும் மறைக்கறது கஷ்டம். அதுக்கு அடுத்தது வண்டிக் களவு, இன்சூரன்ஸ் வாங்கோணும்னா புகார் குடுத்தே ஆகோணும். அடிதடி, வழிப்பறி, சின்னக் களவு எல்லாம் எழுதறவங்க கைய பொறுத்தது.

ரைட்டர் மாமா, 7:22
பாப்பா சொல்றது நூத்துக்கு நூறு. நம்மூருலயும் அதே கதைதான். ஸ்டேசனுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிப்போடறேன், எல்லாரும் பொறுமையாப் படிங்கோ.

நீங்க புகார் குடுத்தா கையில வர்றது ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு சிஎஸ்ஆர் ரசீது, மனு வந்துதுன்னு மட்டும் பதிஞ்சு குடுக்கறது. இன்னொண்ணு எஃப்ஐஆர் நகல். சிஎஸ்ஆர்ல மனு எண் மட்டும் இருக்கும், சட்டப்பிரிவு இருக்காது. எஃப்ஐஆர்ல குற்ற எண்ணுன்னு ஒண்ணு இருக்கும், ஜனவரி 1ந் தேதி 1ல ஆரம்பிச்சு வருசம் பூரா வரிசையா ஓடும். அந்தக் குற்ற எண் விழுந்தாத்தான் மாவட்டக் கணக்கு, மாநிலக் கணக்கு, டெல்லியில நாடு பூராக் குற்றத்தை எண்ணற என்சிஆர்பி கணக்கு எல்லாத்துலயும் ஏறும். சிஎஸ்ஆரோட நின்னு போச்சுன்னா, அரசாங்கக் கணக்குப்படி அந்தக் களவு நடக்கவே இல்லை.

ஏன் சிஎஸ்ஆரோட நிறுத்தறாங்கன்னா, மாசாமாசம் கிரைம் மீட்டிங்குல இன்ஸ்பெக்டரைக் கேக்கறது இதுதான்: எத்தனை கேஸு, எத்தனை கண்டுபிடிச்ச, எத்தனை பவுனு மீட்ட? 10 கேஸு எழுதி 4 கண்டுபிடிச்சா 40 சதவீதம். 5 மட்டும் எழுதி அதே 4 கண்டுபிடிச்சா 80 சதவீதம். ஆளு ஒருத்தன்கூட அதிகமாப் பிடிபடலை, மார்க்கு மட்டும் டபுள் ஆயிருச்சு. ஆளு சிக்குன பொறவு பழைய சிஎஸ்ஆரை எல்லாம் எஃப்ஐஆர் ஆக்கறதும் உண்டு. அப்ப அந்த மாசம் கேஸு குபீர்னு ஏறும், ஆனா களவு நடந்தது முந்துன மாசமா இருக்கும்.

ரைட்டர் மாமா, 7:25
இன்னும் ரெண்டு சேதி. செல்போனைப் புடுங்கிட்டுப் போயிருந்தா 'தவறிவிட்டது'ன்னு எழுதி வாங்குவாங்க. போனைத் தொலைச்சதுன்னா அது குற்றமே இல்லையே. நகைக் களவுல 20 பவுனுன்னு சொன்னா, பில் இருக்கறதுக்கு மட்டும் எழுதுங்கன்னு சொல்லி 8 பவுனு ஆக்கிருவாங்க. பொறவு 8 பவுனு மீட்டா முழுசும் மீட்டதாக் கணக்கு.

கோபி அத்தை, 7:31
அப்ப புகார் குடுக்கறப்பவே எப்படிக் கேக்கறதுங்க?

வக்கீல் தம்பி, 7:44
அத்தை, பிஎன்எஸ்எஸ்ங்கற புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்துல 173ம் பிரிவுங்க. பழைய சட்டத்துல 154. கைது பண்ணக்கூடிய குற்றம்னா எழுதியே ஆகோணும்னு 2013ல லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. எல்லை எங்களுது இல்லைன்னு திருப்பி அனுப்பவும் முடியாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய ஸ்டேசனுக்கு அனுப்போணும். நகல் காசில்லாமத் தரோணும். 3 வருசத்துல இருந்து 7 வருசத்துக்குள்ள தண்டனை இருக்கற குற்றத்துக்கு மட்டும், டிஎஸ்பி அனுமதியோட 14 நாளு முதல்கட்ட விசாரணை செய்யலாம். அதைச் சாக்கா வெச்சு இழுக்கறாங்க, தேதியக் குறிச்சு வெச்சுக்கங்க. எழுத மாட்டேன்னா எஸ்பிக்குப் பதிவுத் தபால், அப்பவும் நடக்கலைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டு.

மனுவுல இதெல்லாம் இருக்கோணும்: நடந்த தேதி, எத்தனை மணிக்கும் எத்தனை மணிக்கும் நடுவுல, தோட்டத்தோட சர்வே எண், எந்தப் பக்கமா உள்ள வந்தாங்க, நகை ஒவ்வொண்ணும் எத்தனை கிராம், போனுன்னா ஐஎம்இஐ எண், வண்டின்னா இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும். 'தவறிவிட்டது'ங்கற வார்த்தைக்குக் கீழ கையெழுத்துப் போடவே போடாதீங்க.

வக்கீல் தம்பி, 7:52
கணக்குக்கு ஒரு சேதி. 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசிக்குப் பதிலா பிஎன்எஸ்னு புதுச் சட்டம். 5,000 ரூபாய்க்குக் கீழ களவு போனா, கோர்ட்டு உத்தரவு இல்லாம போலீசு நேரா எஃப்ஐஆர் போட முடியாத குற்றமா மாத்திட்டாங்க. சங்கிலிப் பறிப்புக்கு 304ன்னு தனிப் பிரிவு வந்துருக்குது. அதனால 2023ஐயும் 2025ஐயும் பக்கத்துல வெச்சு 'திருட்டு கொறைஞ்சுது'ன்னு ஆராச்சும் சொன்னா நம்பாதீங்க. அளவுகோலே மாறிப்போச்சு.

இன்னொண்ணு. ஒரு எஃப்ஐஆர்ல நாலு குற்றம் இருந்தாலும், என்சிஆர்பி அதுல பெரிய தண்டனை உள்ள ஒண்ணை மட்டுந்தான் எண்ணும். செமலைக்கவுண்டன்பாளையத்து மாதிரி ஆதாயக் கொலைன்னா கொலை வழக்கு 1, இறந்தவங்க 3. வீடு பூந்தது, நகை போனது கணக்குல தனியா வராது.

மேரிலேண்ட் பாப்பா, 7:58
தமிழ்நாட்டுக் கணக்கே ஒரு உதாரணங்க. ஐபிசி வழக்கு 2019ல 1,68,116. 2020ல 8,91,700. ஒரே வருசத்துல அஞ்சு மடங்கு! ஊருக்குள்ள கொள்ளைக்காரங்க வந்துரலை. ஊரடங்கை மீறுனவங்க மேல போட்ட கேஸுதான் அதுல பெரும்பங்கு. கேரளாவுல வழக்கு எண்ணிக்கை எப்பவும் ஒசரமா இருக்கறதுக்கும் பாதிக் காரணம், அங்க புகாரை எழுதிக்கறாங்க.

சுபேதார் பெரியப்பா, 8:15
இப்ப பட்டாளத்து நாயத்தை நான் சொல்றேன். தம்பி பல்லடம், உன்ற பயம் நெசம். ஆனா நீ கேக்கற வேலை பட்டாளத்து வேலை இல்லை.

பிஎன்எஸ்எஸ் 148ல இருந்து 151 வரைக்கும் படிச்சுப் பாரு. கூட்டத்தைக் கலைக்கப் போலீசால முடியலைன்னா மட்டும் கலெக்டரோ, அவரு அதிகாரம் குடுத்த மாஜிஸ்திரேட்டோ நம்மளைக் கூப்பிடலாம். மாஜிஸ்திரேட்டு எடத்துல நிக்கோணும். எழுத்துல கேட்டு வாங்கிக்குவோம். பியூகிள் ஊதி, 'கலைந்து செல்லுங்கள், இல்லையேல் சுடுவோம்'ங்கற பேனரைத் தமிழ்ல விரிச்சுப் பிடிச்சு, மைக்குல சொல்லி, அப்பறந்தான் அடுத்தது. எத்தனை தோட்டா போச்சுன்னு காலித் தோட்டாவப் பொறுக்கி எண்ணோணும். முடிஞ்ச மட்டும் கொறைஞ்ச பலம், கொறைஞ்ச சேதம்னு சட்டத்துலயே எழுதி இருக்குது. கூட்டம் கலைஞ்சா பேரக்ஸுக்குத் திரும்பிருவோம்.

தோட்டத்துக்கு வர்ற திருடன் கூட்டமா வர்றதில்லை. ரெண்டு பேரு, மூணு பேரு, இட்டேரி வழியா, நாலு நாளு நோட்டம் பாத்துட்டு வர்றான். அவனைப் பிடிக்கோணும்னா நகைக் கடையில விசாரிக்கோணும், கைரேகை எடுக்கோணும், செல் டவர் பாக்கோணும், ஜெயில்ல இருந்து வந்தவன் எங்க இருக்கறான்னு தெரியோணும். ஜவானுக்கு இதுல ஒண்ணுக்குமே பயிற்சி இல்லை. கேஸ் எழுதவும் அதிகாரம் இல்லை, வீட்டைச் சோதனை போடவும் அதிகாரம் இல்லை. அவன் கையில இருக்கற இன்சாஸ் மாதிரித் துப்பாக்கி 400 மீட்டருக்கு அடிக்கும். குடியிருப்புக்கு நடுவுல ராத்திரி, இருட்டுல, தண்ணி கட்ட வந்தவனா திருடனான்னு தெரியாம அதைத் தூக்கறது எத்தனை ஆபத்துன்னு ரோசனை பண்ணிப் பாருங்க.

ஆள் கணக்கையும் போட்டுப் பாரு. ஒரு கம்பெனி சுமாரா 120 பேரு. சமையல், வண்டி, வயர்லெஸ், ஆபீஸ் போக 90. ரெண்டு மணி நேரம் நின்னா நாலு மணி நேரம் ஓய்வு, ஆக ஒரு நேரத்துல 30 பேரு. தனி ஆளா நிறுத்த மாட்டோம், ரெண்டு ரெண்டாத்தான். 15 எடம். பல்லடம் சுத்துவட்டாரத்துல எத்தனை தோட்டத்து வீடுன்னு நீயே எண்ணிக்க.

பல்லடம் சித்தப்பா, 8:24
அண்ணா, கோயமுத்தூருல 1998 குண்டு வெடிச்சப்ப நீல உடுப்புப் போட்டவங்க வந்துதான ஊரு அடங்குச்சு?

சுபேதார் பெரியப்பா, 8:33
நீல உடுப்பு பட்டாளம் இல்லை. அது ஆர்ஏஎஃப், சிஆர்பிஎஃப்ல 1992ல உண்டாக்குன அதிரடிப்படை. கலவரத்துக்குன்னே தனியாப் பழக்குன ஆளுங்க. இப்ப வெள்ளலூர்ல 105ம் பட்டாலியன் இருக்குதே, அதுதான். ராணுவத்தைக் கூப்பிட வேண்டிய நெலைமை வரக்கூடாதுன்னுதான் அந்தப் படையே. 1998 பிப்ரவரி 14ல 58 பேரு செத்த ஊருக்கும் வழிப்பறி நடக்கற ஊருக்கும் ஒரே மருந்து ஆகாது.

மேரிலேண்ட் பாப்பா, 8:40
அமெரிக்காவுலயும் இதே சண்டைதானுங்க பெரியப்பா. 1878லயே ராணுவத்தைப் போலீஸ் வேலைக்கு உடக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. 2025 ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸ்ல 4,000 நேஷனல் கார்டு ஆளுங்களையும் மரைன்ங்கற படையில 700 பேரையும் எறக்குனாங்க. செப்டம்பர் 2ந் தேதி, அந்தச் சட்டத்தை மீறுனதுன்னு கீழ் கோர்ட்டு தீர்ப்பு சொல்லுச்சு, அரசாங்கம் அப்பீலுக்குப் போச்சு. தெருவை மறிச்சது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துனது, இதெல்லாம் போலீஸ் வேலைன்னு நீதிபதி எழுதுனாரு. வாஷிங்டன்ல மட்டும் மாநில கவர்னர் இல்லாததால கார்டு நேரா ஜனாதிபதி கையில இருக்குது. அங்கயும் பல பேரு மெட்ரோ ஸ்டேசன் வாசல்ல நின்னாங்க, பூங்காவுல குப்பை பொறுக்குனாங்க.

பல்லடம் சித்தப்பா, 8:47
இருந்தாலும் ஆளு நின்னா திருடன் பயப்படுவானில்ல? அதை ஒத்துக்கோணும்.

மேரிலேண்ட் பாப்பா, 9:02
ஒத்துக்கறேனுங்க. ஆளு கண்ணுல பட்டா களவு கொறையும், அது ஆராய்ச்சியிலயே வந்த முடிவு. ஆனா அதுக்கு ராணுவம் வேண்டியதில்லை. மினியாபொலிஸ் ஊருல அளந்து பாத்தாங்க. ரோந்துக்காரங்க ஒரு எடத்துல 10 நிமிசத்துல இருந்து 15 நிமிசம் நின்னுட்டுப் போனா, போன பொறவும் அந்தப் பயம் கொஞ்ச நேரத்துக்கு நிக்குது. அதுக்கு மேல நின்னா கூடுதல் பலன் இல்லை. நிக்காம வண்டியில கடந்து போனா அந்த அளவுக்குப் பலன் இல்லை. எறங்கி நிக்கோணும், வர்ற நேரம் தெனமும் மாறோணும்.

அந்த ரோந்து எங்க வரும்னா, கணக்குல களவு காட்டற எடத்துக்குத்தான் வரும். புகாரைச் சிஎஸ்ஆரோட உட்டுட்டா மேப்புல நம்ம தோட்டம் வெள்ளையாத்தான் தெரியும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ரோந்து வந்து ஒரு மாசத்துல 'பாதியாக் கொறைஞ்சுது'ன்னு ஆராச்சும் சொன்னா, எத்தனையில பாதின்னு கேளுங்க. சின்ன எண்ணிக்கை சும்மாவே மேலயுங் கீழயும் ஆடும், அது எவ்வளவுன்னு சராசரியோட வர்க்கமூலத்தை வெச்சுப் பாக்கலாம்; வருசத்துக்குச் சராசரி 16 களவு நடக்கற ஒரு ஸ்டேசன்ல வர்க்கமூலம் 4, அதுல ரெண்டு மடங்கு 8. ஆக எதுவுமே மாறாட்டியும், ஒரு வருசம் 8 வரைக்கும் எறங்கலாம், இன்னொரு வருசம் 24 வரைக்கும் ஏறலாம். மாசக் கணக்கு இன்னும் மோசம். பெருசா ஏறுன மாசத்துக்குப் பொறவு தானா எறங்கும், அந்த நேரம் பாத்து ஆரு வந்தாலும் பேரு அவங்களுக்குப் போயிரும்.

ரைட்டர் மாமா, 9:10
மாப்ளை, மனுவ மாத்தி எழுதிக்கங்க. பட்டா புக்கு கேளுங்க, நெலப் பட்டா இல்லை, ரோந்துக் கையெழுத்து நோட்டு. தனியா இருக்கற தோட்டத்து வீட்டுல ஒரு நோட்டு வெச்சா, ரோந்து வர்ற போலீசு நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரு. வாரத்துக்கு எத்தனை கையெழுத்துன்னு நீங்களே எண்ணிப் பாக்கலாம். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவுல, ஒரே நேரமா இருந்தா மொத்தமா ஒக்காந்து போட்டதுன்னு தெரிஞ்சிரும்.

வக்கீல் தம்பி, 9:18
நான் தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டுடறேன். 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டோணும், 30 நாளுல பதில் வரோணும். கேக்கறது ரெண்டு அட்டவணை: நம்ம ஸ்டேசன்ல அஞ்சு வருசமா மாசாமாசம் களவுப் புகாருல சிஎஸ்ஆர் எத்தனை, அதுல குற்ற எண் விழுந்தது எத்தனை. ரெண்டையும் பக்கத்துல வெச்சா எடைவெளி தெரிஞ்சிரும்.

பல்லடம் சித்தப்பா, 9:31
சரி. பட்டாளம்ங்கற வரிய அடிச்சுப்போட்டேன். இப்ப மனுவுல நாலு: தனித் தோட்டத்து வீடுகளோட பட்டியல் ஸ்டேசன்ல இருக்கோணும், பட்டா புக்கு, ராத்திரி 12ல இருந்து 4 வரைக்கும் நேரம் மாத்தி மாத்தி ரோந்து, புகார் குடுக்க வந்தவங்களை எஃப்ஐஆர் நகல் இல்லாமத் திருப்பி அனுப்பக் கூடாது. பொழுதோட போட்டோ எடுத்துப் போடறேன், திருத்தம் இருந்தாச் சொல்லுங்கோ.

கோபி அத்தை, 9:36
பட்டா புக்கைக் கேட்டுக்கு வெளியவுங்களா, உள்ளயுங்களா வெக்கறது?

ரைட்டர் மாமா, 9:40
வெளியத்தான் அம்மிணி, தகரப் பெட்டியில, மழை படாம. நோட்டு மேல பேரும் போன் நெம்பரும் எழுதாதீங்க, சர்வே எண் மட்டும் போதும். ஆரு தனியா இருக்கறாங்கன்னு அதைப் பாத்தே திருடன் தெரிஞ்சுக்குவான்.